பின்பால் மெஷின் நகர்த்த ஹைட்ராலிக் லிஃப்ட் வண்டியை மாற்றியமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்பால் என்பது கண்ணாடிக்கு அடியில் சாய்ந்த பலகைமேல் எஃகுப் பந்தை அடித்து ஆடும், நான்கு கால் பெட்டி விளையாட்டு. அந்த மெஷின் வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், பழுதுபார்ப்பவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, விட்டுப்போனதே பிறகு விபத்தாக முடிகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

லிஃப்ட் வண்டின்னு எதைச் சொல்றீங்க? ஃபோர்க்லிஃப்ட்டா?

இல்லை. நான்கு சக்கரம், மேலே ஒரு இரும்பு மேசைத் தகடு, அதற்குக் கீழே கத்தரி மாதிரி குறுக்காகப் போகும் கால்கள், ஒரு ஹைட்ராலிக் ஜாக். காலால் பெடலை மிதித்தால் மேசை ஏறும், ஒரு லிவரையோ இன்னொரு பெடலையோ அழுத்தினால் இறங்கும். பட்டறைகளிலும் கிடங்குகளிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். மின்சாரம் எதுவும் வேண்டாம்.

பின்பால் ஆட்களுக்கு இது பிடித்துப்போனதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மெஷினின் எடை சுமார் 110 முதல் 135 கிலோ. இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் குனிந்து காலைக் கழற்றுவதுதான் பழைய முறை. அந்த நேரத்தில் ஒருவர் கை வழுக்கினால் கீழே இருப்பவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். வண்டி இருந்தால் அந்தத் தூக்கிப்பிடிக்கும் வேலையே இல்லை.

வண்டியில 225 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. மெஷின் 130 கிலோதான். அப்புறம் எதுக்கு மாத்தணும்?

இந்தப் பக்கத்தின் மையமே இந்தக் கேள்விதான். வண்டிக்குத் தாங்கும் பலம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அந்த எடை சரியான இடத்தில் உட்காருவதில்லை. சின்ன வண்டியின் மேசை ஏறக்குறைய 45 செ.மீ. அகலமும் 70 செ.மீ. நீளமும் இருக்கும். சாதாரண பின்பால் பெட்டி 56 செ.மீ. அகலம், 130 செ.மீ. நீளம். அதாவது மேசையின் விளிம்பு பெட்டியின் பக்கச் சுவர்களை எட்டவே எட்டாது, முழு எடையும் கீழ்ப்பலகையின் நடுவில் இறங்குகிறது.

கீழ்ப்பலகை அப்படித் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. பக்கச் சுவரில் வெட்டிய ஒரு காடியில் பலகை சொருகப்பட்டு, பசையும் பின் ஆணியும் போட்டு நிறுத்தப்பட்டிருக்கும், அவ்வளவுதான். புதிய மெஷின் சமாளித்துவிடும். நாற்பது வருடம் ஈரக்காற்றில் இருந்த மெஷினில் பலகை உள்ளே எழும்பி, மூலைகள் பிரியும். நான் ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். மரம் மெதுவாகக் கிழிகிற சத்தம் அது, அதன் பிறகு மாற்றாத வண்டியில் எந்த மெஷினையும் ஏற்றியதில்லை.

ஆக நாம் செய்யும் மாற்றங்கள் எல்லாமே இரண்டே விஷயத்துக்காக. எடை பக்கச் சுவர்களில் இறங்கணும், மெஷினின் எடை மையம் வண்டியின் சக்கரங்களுக்கு நடுவே நிற்கணும்.

சின்ன வண்டி போதுமா, பெரிசு வாங்கணுமா?

எடைக்காகப் பெரிது தேவையில்லை. உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 225 கிலோ வண்டிகள் பெரும்பாலும் தாழ்நிலையில் 22 செ.மீ. சுற்றிலும், முழுசாக ஏறினால் 72 செ.மீ. சுற்றிலும் நிற்கும். கால் கழற்ற இது தாராளம். 450 கிலோ வண்டிக்கு மேசையும் பெரிது, ஏறும் உயரமும் அதிகம், ஆனால் வண்டியே கனம், தாழ்நிலையும் கொஞ்சம் உயரம். வீட்டுக்குள் நான்கு மெஷினை இடம் மாற்றுகிறவருக்குச் சின்னது போதும். வாரம் தவறாமல் வேனில் ஏற்றி இறக்குகிறவர் பெரிதைப் பார்க்கலாம்.

மெஷினை அப்படியே ஏத்தலாமா, தலைப்பெட்டியை மடக்கணுமா?

மடக்குங்கள். தலைப்பெட்டி என்பது மெஷினின் பின்முனையில் செங்குத்தாக நிற்கும், ஸ்கோர் காட்டும் பெட்டி. அது நிமிர்ந்திருந்தால் மொத்த உயரம் 190 செ.மீ. வரும், எடை மேலேயும் பின்னாலேயும் போய்விடும். 1980-களின் நடுவிலிருந்து வந்த பெரும்பாலான மெஷின்களில் தலைப்பெட்டி கீலில் முன்பக்கமாக மடியும். பின்னால் இருக்கும் பூட்டைத் திறந்து, உள்ளே போல்ட் ஏதாவது இருந்தால் கழற்றி, ஒயர்கள் நசுங்கவில்லை என்று பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாயுங்கள். பெட்டியின் இரண்டு மேல்விளிம்பிலும் ஓடும் உலோகப் பட்டைகள் மேல் ஒரு கம்பளியை மடித்துப் போட்டுவிட்டு, தலைப்பெட்டியைச் சுற்றி ஒரு பெல்ட்.

பந்துகளை முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 27 மி.மீ. விட்டமுள்ள, 80 கிராம் எடையுள்ள எஃகு உருண்டை. வண்டி ஒரு மேட்டில் குலுங்கும்போது அது உள்ளே தாவினால் விளையாட்டுப் பலகையின் ஓவியமோ பிளாஸ்டிக்கோ போய்விடும். மின்கம்பியைச் சுருட்டி உள்ளே போடுவதும் இப்போதே.

வண்டியை முன்னாலிருந்து விடணுமா, பக்கத்திலிருந்தா?

இரண்டு வழியும் இருக்கிறது, பலன் வேறு. பக்கவாட்டில் விட்டால் இரண்டு கால்களுக்கு நடுவே தாராளமாக இடம் இருக்கும், வண்டியின் 70 செ.மீ. நீளம் பெட்டியின் 56 செ.மீ. அகலத்தைக் கடந்துபோகும், அதனால் இரண்டு பக்கச் சுவரும் தானாகவே தாங்கப்படும். இருந்த இடத்திலேயே கால் மாற்றுவதற்கு இது நல்ல வழி. ஆனால் அப்படியே நகர்த்த முடியாது. மெஷின் வண்டிக்குக் குறுக்கே கிடப்பதால் கதவு எதிலும் நுழையாது, நீளவாக்கில் 45 செ.மீ. மட்டுமே தாங்கப்படுவதால் முன்னும் பின்னும் ஊசலாடும்.

நகர்த்தணும் என்றால் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ நீளவாக்கில்தான் விடணும். இங்கே ஒரு சிக்கல். பெட்டி 56 செ.மீ. என்றாலும், கால் தகடு மூலையைச் சுற்றி மடிந்து ஒவ்வொரு பக்கமும் சில செ.மீ. உள்ளே வருகிறது. அதனால் இரண்டு முன்கால்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளி நன்றாகக் குறைந்துவிடும். மரம் வெட்டுவதற்கு முன்னால் உங்கள் மெஷினில் இந்த இடைவெளியை டேப் வைத்து அளந்துவிடுங்கள். சக்கரத்தின் பிரேக் பெடல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் வண்டியின் அகலம்.

அப்போ 56 செ.மீ. அகலத்துக்கு மேல்பலகை போட்டா உள்ளே போகாதே?

போகாது, சரியாகப் பிடித்தீர்கள். நிறையப் பேர் அகலமான ப்ளைவுட்டை வெட்டிப் போல்ட் அடித்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நான் செய்வது இப்படி. மேசைமேல் நிரந்தரமாக ஒரு நீளப் பலகை, அகலம் கால்களுக்கு நடுவே நுழையும் அளவு, நீளம் சுமார் 100 செ.மீ. அது 18 மி.மீ. ப்ளைவுட். அதன்மேல் படுக்கிற மாதிரி இரண்டு தனிக் குறுக்குக் கட்டைகள், ஒவ்வொன்றும் 56 செ.மீ. நீளம், 4 செ.மீ. கனம், 9 அல்லது 10 செ.மீ. அகலம். வண்டியை உள்ளே தள்ளி நிறுத்திய பிறகு, கட்டைகளைப் பக்கவாட்டிலிருந்து சொருகணும். பக்கத்தில்தான் இடம் தாராளமாக இருக்கிறதே. கட்டைகள் நகராமல் இருக்க, பலகையில் துளைகளும் கட்டையின் அடியில் மர முளைகளும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்காரும். முளை பலகைக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது, ஏன் என்று அடுத்த பதிலில் வரும்.

இரண்டு கட்டைக்கும் நடுவே 70 அல்லது 80 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். எடை இப்போது சுவர் மேல், நடுப்பலகைமேல் இல்லை. இன்னொரு லாபம், பெட்டிக்கு அடியில் இருக்கும் ஒலிபெருக்கித் துவாரம், காற்றுத் துளைகள், முன்மூலையில் இருக்கும் பவர் சுவிட்ச் எதன்மேலும் எதுவும் அழுத்தாது.

பலகையை மேசையில எங்கே வேணும்னாலும் போல்ட் போடலாமா?

கூடாது. இதில் தவறினால் வண்டியே போய்விடும். கத்தரிக் கால்களின் ஒரு முனை நிலையாக ஊசியில் (இரும்பு பின்) சுழலும், இன்னொரு முனை சின்ன உருளைகளாக மேசைக்கு அடியில் ஒரு காடியில் ஓடும். அந்தக் காடிக்குள் உங்கள் போல்ட் முனை எட்டிப்பார்த்தால் உருளை அதில் முட்டி நின்றுவிடும், ஜாக் தொடர்ந்து தள்ளும், கால் வளையும்.

வெறும் வண்டியை முழுசாக ஏற்றி, இறக்கி, உருளை எங்கிருந்து எங்கே போகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதைக்கு வெளியே, மேசைத் தகட்டின் விளிம்போரமாக நான்கோ ஆறோ துளை போதும். போல்ட் தலை பலகைக்குள் அமுங்கணும், அடியில் அகலமான வாஷரும் பூட்டு நட்டும். நட்டுக்குக் கீழே மிஞ்சும் முனையை அறுத்துவிடுங்கள். பிறகு ஒரு தடவை வண்டியை முழுசாகத் தாழ்த்தி, நட்டு கத்தரிக் கால்களிலோ அடிச்சட்டத்திலோ இடிக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மெஷின் சாய்வா நிக்குதே. கட்டை ஒரு பக்கம்தானே முதல்ல முட்டும்?

ஆமாம். விளையாட்டுப் பலகை பொதுவாக 6.5 பாகை சாய்வில் இருக்கணும் என்பதால் மெஷின் நிற்கும்போது பெட்டியின் அடிப்பக்கமும் முன்னால் தாழ்ந்து, பின்னால் உயர்ந்துதான் இருக்கும். ஒரே கனமுள்ள இரண்டு கட்டை வைத்தால் முன்கட்டை முதலில் முட்டி, முன்கால்களை மட்டும் தூக்கும். அப்போது மெஷின் பின்கால்களில் தொங்கிக்கொண்டு பின்னால் நழுவப் பார்க்கும்.

தீர்வு எளிது. பின்கட்டை முன்கட்டையைவிடக் கனமாக இருக்கணும். எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்ல முடியும்: கட்டை உட்காரும் இரண்டு இடத்திலும் தரையிலிருந்து பெட்டி அடிவரை உயரத்தை எடுங்கள், வித்தியாசம்தான் கூடுதல் கனம். மெஷினுக்கு மெஷின் மாறும், காலின் அடியில் உயரத்தைச் சரிசெய்யும் திருகு எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால் ஒரே கனத்தில் கட்டை செய்துகொண்டு, 6 மி.மீ., 12 மி.மீ. ப்ளைவுட் துண்டுகளைப் பின்கட்டைமேல் அடுக்குகிறேன். அவை நழுவாமல் இருக்க இரண்டு முனையிலும் ஒரு திருகு. வெறும் ஆப்பு வைக்காதீர்கள், ஆப்பு எடையில் பிதுங்கி வெளியே வரும்.

இந்தக் கணக்கைப் போடும்போதே இன்னொன்றையும் சரிபாருங்கள். வண்டியின் தாழ்நிலை உயரம், பலகை, கட்டை மூன்றும் சேர்ந்து பெட்டி அடியின் உயரத்தைவிடக் குறைவாக இருக்கணும், இல்லையென்றால் கட்டையைச் சொருகவே முடியாது. பொதுவாக இங்கே நிறைய இடம் இருக்கும். ஆனால் பெரிய சக்கரம் போட்டவர்களுக்குச் சில நேரம் இடிக்கும்.

கைப்பிடி இடிக்குது. அறுத்துடலாமா?

கைப்பிடி இடிப்பது இருக்கட்டும், அது செய்யும் பெரிய கெடுதல் வேறு. மெஷினின் முனையைக் கைப்பிடியில் முட்டவைத்து நிறுத்தினால், 130 செ.மீ. நீள மெஷினின் நடு, கைப்பிடியிலிருந்து 65 செ.மீ. தள்ளி வருகிறது. மேசை முடிவதே 70 செ.மீ. அதாவது எடை மையம் மேசையின் கடைசி விளிம்பில் நிற்கிறது. பலர் "வண்டி தானாகவே கவிழ்ந்தது" என்று சொல்வது இதனால்தான்.

அதனால் கைப்பிடி கழன்று வருகிற மாதிரி இருந்தாகணும். முதலில் அது போல்ட்டில் இருக்கிறதா பாருங்கள், சில வண்டிகளில் நான்கு போல்ட்டைக் கழற்றினால் முழுசாக வந்துவிடும். வெல்டு அடித்திருந்தால், குழாயைப் பலகையின் மட்டத்துக்குக் கீழே அறுத்து, உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் இன்னொரு குழாயைச் சொருகி, குறுக்கே ஒரு ஊசி போடுங்கள். வெறும் வண்டியாகத் தள்ளும்போது கைப்பிடி மேலே, மெஷின் ஏறும்போது கையில். ஏற்றிய பிறகு வண்டியை இழுக்க, அடிச்சட்டத்தில் ஒரு வளையம் போட்டுப் பட்டை கட்டிக்கொள்ளலாம். திருப்புவது மெஷினையே பிடித்துத்தான்.

இறக்கும் லிவர் கைப்பிடியில் இருந்தால் கவனம். கேபிளை வெட்டாதீர்கள். லிவரை அப்படியே கழற்றி அடிச்சட்டத்தின் பக்கத்தில், கால் தவறிப் படாத இடத்தில் பொருத்துங்கள். மிஞ்சும் கேபிள் அகலமாக வளையட்டும், மடிந்தால் இறுகி, வால்வு முழுசாக மூடாமல் போகும்.

மெஷினோட நடுவை மேசையோட நடுவுல வைச்சா போதும்தானே?

இங்கேதான் கத்தரி அமைப்பைப் புரிந்துகொள்ளணும். மேசை ஏற ஏற, உருளை முனை நிலையான முனையை நோக்கி நகர்ந்துகொண்டே வரும். கத்தரிக் கால் 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்நிலையில் இரண்டு முனைக்கும் நடுவே ஏறக்குறைய 69 செ.மீ. இருக்கும். கால்களின் முனைகள் 50 செ.மீ. உயரம் பிரிந்ததும் அது 49 ஆகிவிடும். உருளைப் பக்கம் 20 செ.மீ. மேசை இப்போது அடியில் ஆதரவே இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அதனால் மெஷினின் எடை மையம் மேசையின் நடுவில் நிற்பதைவிட, நிலையான முனைப் பக்கம் கொஞ்சம் தள்ளி இருப்பது நல்லது. இந்தக் கணக்கில் நிலையான முனையிலிருந்து 25 முதல் 30 செ.மீ. எது நிலையான முனை என்பதை, சாக்பீஸ் போட்டீர்களே, அப்போதே பார்த்திருப்பீர்கள். பலகையில் அந்த இடத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள்.

மெஷினின் எடை மையமும் சரியாக நடுவில் இருக்காது. பழைய மெஷின்களில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள்ளோ தலைப்பெட்டியிலோ இருக்கும், மடக்கிய தலைப்பெட்டி பின்பாதியில் கிடக்கும். ஆகவே பொதுவாக நடுவுக்குக் கொஞ்சம் பின்னால். எழுத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்கணும், அதைக் கால் கழற்றும் கேள்வியில் சொல்கிறேன்.

சக்கரத்தை மாத்தணுமா?

தரை வழவழப்பாக இருந்தால் வேண்டாம். வாசற்படி, கம்பள விளிம்பு, ஓடுகளின் இடுக்கு எல்லாம் கடக்கணும் என்றால் கொஞ்சம் பெரிய சக்கரம் உதவும். தரம் பார்க்க ஒரு பழைய விதி: மொத்த எடையை நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். சமமில்லாத தரையில் எந்த நேரமும் மூன்று சக்கரம்தான் உண்மையில் தாங்கும். வண்டி, பலகை, மெஷின் மொத்தம் 195 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 65 கிலோ, அதற்கு மேல் தாங்குவதையே வாங்குங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் இரண்டு சக்கரம்தான் திசை மாறிச் சுழலும். நான்கும் சுழன்றால் நெருக்கமான இடத்தில் பக்கவாட்டில் நகர்த்த சுகம், ஆனால் சரிவில் வண்டி எங்கே போகும் என்றே தெரியாது. நான்கும் சுழலுகிற மாதிரி மாற்றினால் குறைந்தது இரண்டில் பிரேக் கட்டாயம்.

மெஷின் பலகைமேல வழுக்குமா?

வழுக்கும், முக்கியமாகச் சாய்வாக உட்கார்ந்திருப்பதால். குறுக்குக் கட்டைகளின் மேல்பக்கம் ரப்பர் விரிப்பு ஒட்டுங்கள். தரைக் கம்பளத் துண்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பெயிண்டைக் காப்பாற்றும், வழுக்கலைத் தடுக்காது. அப்புறம் ஒரு ராட்செட் பெல்ட், மெஷினைச் சுற்றி மேசைச் சட்டத்தோடு. வண்டியின் அடிச்சட்டத்தோடு கட்டிவிட்டால் மேசையை ஏற்ற முடியாது, அழுத்தினால் பெல்ட் அறும், இல்லை பெட்டி நசுங்கும். பெல்ட் மூலையில் படும் இடத்தில் மடித்த அட்டை வையுங்கள்.

கால் கழற்றும்போது எந்த வரிசை? பயமா இருக்கு.

கால்கள் மாட்டியிருக்கும்போதே சோதித்துவிடுங்கள், பயம் போய்விடும். தலைப்பெட்டி மடக்கி, கட்டை சொருகி, நான்கு காலும் தரையிலிருந்து 1 செ.மீ. மட்டும் எழும்புகிற அளவு ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு மூலையையும் லேசாகக் கீழே அழுத்துங்கள். ஏதாவது மூலை சட்டென்று இறங்கினால் காலே தரையில் ஊன்றித் தாங்கிக்கொள்ளும், ஒன்றும் ஆகாது. இறக்கி, வண்டியை அந்தப் பக்கம் 3 செ.மீ. நகர்த்தி மறுபடி பாருங்கள். நான்கு மூலையும் ஒரே மாதிரி எதிர்த்து நின்றால், அதுதான் அந்த மெஷினுக்கான இடம். பெட்டியின் அடியில் ஒரு டேப் துண்டு ஒட்டிக் குறித்துவையுங்கள், அடுத்த தடவை பத்து நிமிடம் மிச்சம்.

அதன் பிறகு போல்ட். ஒரு காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. பெரும்பாலும் 3/8 அங்குலக் குறுக்களவுள்ள அமெரிக்க மரையாணி, அதன் தலைக்கு 16 மி.மீ. ஸ்பேனர் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். கால் எடையில் இருக்கும்போது முறுக்கினால் மரை தேயும், அதனால் கால் காற்றில் இருக்கும்போது மட்டும். எட்டையும் முதலில் தளர்த்திவிட்டு, பிறகு ஒவ்வொரு காலாக எடுங்கள். திரும்ப மாட்டும்போது எட்டையும் விரலால் ஏற்றிவிட்டு, எல்லாம் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். நான்கு காலும் தரையில் நின்ற பிறகே தலைப்பெட்டியை நிமிர்த்தணும். பின்கால் இல்லாமல் நிமிர்த்தினால் மெஷின் பின்னால் குடைசாயும்.

ஏத்தி வைச்சுட்டு அடியில வேலை பார்க்கலாமா?

ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி எதற்கு அடியிலும் கையோ தலையோ வைக்காதீர்கள். ஒரு சீல் கசிந்தால், வால்வில் ஒரு தூசி சிக்கினால், மேசை இறங்கும். கால் மாற்றும் வேலையில் கை எப்போதும் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது, அதனால் பரவாயில்லை. அடியில் வேலை இருந்தால் நான்கு காலையும் மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் கனமான ஸ்டாண்டுகளில் உட்காரவையுங்கள். கத்தரிக் கால்களுக்கு நடுவே மரத்துண்டு செருகி வைப்பதைச் சிலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். எடை வரும்போது அது தெறித்து வெளியே பறக்கும்.

வாசற்படி, சரிவு, மாடிப்படி?

நகர்த்தும்போது மேசை எப்போதும் முழுத் தாழ்நிலையில். வாசற்படியை நேராகச் சந்திக்கணும், கோணலாக ஏறினால் ஒரே சக்கரம் மாட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். சின்னச் சரிவுப் பலகை ஒன்று செய்துவைத்துக்கொள்ளுங்கள். சரிவில் ஒருவர் எப்போதும் மேல்பக்கம் பட்டையைப் பிடித்திருக்கணும், கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கதவில் மெஷினின் உடலைவிடத் தலைப்பெட்டிதான் அகலம், 70 செ.மீ.க்கும் மேல், அதை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாடிப்படிக்கு இந்த வண்டி இல்லவே இல்லை. அங்கே படியேறும் தள்ளுவண்டியும் இரண்டு மூன்று பேரும் வேண்டும்.

வேன்ல நேரா தள்ளிவிடலாம்னு சொல்றாங்களே?

செய்யலாம், நானும் செய்கிறேன், ஆனால் இந்த வேலையிலேயே ஆபத்தான நிமிடம் அதுதான். மெஷின் வேனுக்குள் நகர நகர, மிச்ச எடை மேசையின் வேன் பக்க விளிம்புக்குப் போகிறது. அதே நேரம் நீங்கள் தள்ளுவதால் வண்டி பின்னால் ஓடப் பார்க்கிறது. இடையில் ஒரு பிளவு விழுந்தால் மெஷின் அதில் இறங்கும்.

முதலில் வண்டியை வேனின் கொக்கியிலோ சட்டத்திலோ பெல்ட் போட்டு இறுக்குங்கள், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். மேசையின் நிலையான முனை வேன் பக்கம் இருக்கணும், முன்பு சொன்ன கத்தரிக் காரணத்தால். பலகையின் மட்டம் வேன் தரையைவிட ஒரு விரல் உயரமாக இருக்கட்டும், எடை இறங்கும்போது வேன் அமுங்கும், பிறகு கொஞ்சம் சரிசெய்துகொள்ளலாம். இந்த வேலைக்குக் குறுக்குக் கட்டைகள் இடைஞ்சல். ரப்பர் ஒட்டிய கட்டைக்குப் பதில், மெழுகு தேய்த்த வழுவழுப்பான இரண்டு நீளக் கட்டைகளைச் சுவர்களுக்கு அடியில் வைத்துத் தள்ளுங்கள். இரண்டு பேர் கட்டாயம்.

வண்டி ரொம்ப வேகமா இறங்குது. இல்லேன்னா இறங்கவே மாட்டேங்குது.

இரண்டுமே சாதாரணம். எடை இருந்தால் ஆயில் வேகமாகத் திரும்பும், அதனால் லிவரை நூல் நூலாக அழுத்திப் பழகணும். மெஷினை ஏற்றுவதற்கு முன்னால், மணல் மூட்டையோ அரிசி மூட்டையோ வைத்து இருபது தடவை பழகுங்கள். வெறும் மேசை இறங்காமல் நின்றால் பழுது இல்லை, தள்ளுவதற்கு எடை இல்லை, அவ்வளவுதான். பலகை போட்ட பிறகு அதுவே சரியாகிவிடும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. இறக்கும் வால்வைத் திறந்து வைத்தபடி பெடலைப் பத்துப் பதினைந்து தடவை மிதித்து, பிறகு மூடுங்கள். மேசை முழுசாகத் தாழ்ந்திருக்கும்போதுதான் ஆயில் அளவு பார்க்கணும், ஏறியிருக்கும்போது நிரப்பினால் இறங்கும்போது வழியும். ஹைட்ராலிக் ஜாக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள், ஐஎஸ்ஓ விஜி 32 தரம் (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) பொதுவாகப் பொருந்தும். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். எடையோடு நிற்கும்போது மேசை தானாக மெல்ல மெல்ல இறங்கினால் முதலில் லிவர் கேபிள் இழுபட்டு நிற்கிறதா என்று பாருங்கள், கைப்பிடி மாற்றியவர்களுக்குப் பாதி நேரம் காரணம் அதுதான்.

வெல்டிங் தெரியும். சக்கரங்களை அகலப்படுத்தி அடிச்சட்டத்தை நீட்டலாமா?

அடிச்சட்டத்தில் செய்யலாம். பக்கவாட்டில் கழற்றி மாட்டும் துணைக்கால்கள் போட்டால் உறுதி கூடும், ஆனால் மெஷினின் கால்களுக்கு நடுவே நுழையும்போது அவை வெளியே நீட்டக் கூடாது. ஜாக்குக்குப் பக்கத்தில் வெல்டு அடிக்க வேண்டும் என்றால் ஜாக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், வெப்பம் சீல்களை எரித்துவிடும், உள்ளே இருப்பதும் எண்ணெய். கத்தரிக் கால்களிலோ அவற்றின் ஊசிகளிலோ துளை போடுவது, வெல்டு அடிப்பது எதுவும் வேண்டாம். முழு எடையும் போகும் பாதை அது.

தனியா ஒருத்தரே எல்லாம் செய்யலாமா?

கால் மாற்றுவதும், ஒரே தளத்தில் அறைக்கு அறை நகர்த்துவதும் செய்யலாம். நான் பெரும்பாலும் தனியாகத்தான் செய்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த 1 செ.மீ. சோதனையை விடாமல். தலைப்பெட்டி மடக்குவது, சரிவு, வேன், இந்த மூன்றுக்கும் இன்னொருவர் வரும்வரை காத்திருங்கள்.

என்கிட்ட 1970-கள்ல வந்த பழைய மெஷின் இருக்கு. தலைப்பெட்டி மடியாது.

ரிலேக்களில் (மின்காந்தச் சுவிட்சுகளில்) ஓடும் அந்தக் காலத்து மெஷின்களில் தலைப்பெட்டி போல்ட்டில் நிற்கும். உள்ளே ஒயர் இணைப்பிகளைப் பிரித்து, எந்த இணைப்பி எங்கே என்று டேப்பில் எழுதி ஒட்டி, படமும் எடுத்துவிட்டு, இரண்டு பேராகத் தலைப்பெட்டியைத் தனியாக இறக்குங்கள். தலைப்பெட்டி போனதும் எடை மையம் மாறிவிடும், ஆகவே மூலைகளை அழுத்திப் பார்க்கும் சோதனையைப் புதிதாகச் செய்யணும். இந்தப் பெட்டிகளின் கீழ்ப்பலகைதான் எல்லாவற்றிலும் பலவீனம், குறுக்குக் கட்டை இல்லாமல் இவற்றைத் தொடவே வேண்டாம்.

அகலமான மெஷினுக்கு வேற வண்டி செய்யணுமா?

வேண்டாம். அகல மாடல்களின் பெட்டி சாதாரணத்தைவிடச் சில செ.மீ. பெரிது, அதற்கு மட்டும் நீளமான இன்னொரு ஜோடி குறுக்குக் கட்டை வெட்டிக்கொள்ளுங்கள். முளைகள் அதே துளைகளில் உட்காரும். இரண்டு ஜோடியையும் வேறு வேறு நிறத்தில் பெயிண்ட் அடித்துவிடுங்கள், அவசரத்தில் குட்டைக் கட்டையை அகல மெஷினுக்குச் சொருகினால் எடை மறுபடி கீழ்ப்பலகையில்தான் இறங்கும்.